மழையைக் கொடுத்தவளை மன்னிக்கலாமா

இலங்கை மலைநாட்டின் பதுளையில், பஸார் வீதியில் மர்ஸூக் முதலாளிக்கு ஒரு புடவைக் கடை இருந்தது. கடைக்கு மேலேதான் வீடு. அவருடைய மனைவி ஸுபைராவை எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். படிப்பு நின்றதே தவிர வாசிப்பு நிற்கவில்லை. கிடைத்த நாவலையெல்லாம் வாசித்தாள். ஆனால் வாசித்ததைப் பேச ஆளில்லை. கணவரிடம் சொல்லப் போனால், "நல்லா ஈக்கிதா? அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவர் கடைக்கு இறங்கிவிடுவார். நெஞ்சு நிறையக் கதையை வைத்துக்கொண்டு அவள் அரிசி களைவாள்.

அப்போது சென்னையிலிருந்து ஒரு மாயாஜாலத் தொடர்கதை பாகம் பாகமாகப் புத்தகமாய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாகமும் செங்கல் கனம். ஒரு நாட்டின் மூத்த இளவரசி பொன்ரேகை, சாகக் கிடந்த தன் குழந்தையைக் காப்பாற்ற, நாட்டு மழையையெல்லாம் ஒரு மந்திரவாதிக்குக் கொடுத்துவிடுகிறாள். நாடு காய்ந்து போகிறது. தங்கை நீலரேகை மழையைத் தேடி ஏழு மலை தாண்டிப் போகிறாள். கதை மொத்தம் ஆறு பாகம். ஐந்து வெளிவந்திருந்தன.

1970ஆம் ஆண்டு ஸுபைரா மாடிப்படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டாள். பதுளை ஆஸ்பத்திரியில் பல வாரம் படுக்கை. பக்கத்துக் கட்டிலில் இராக்கம்மா. லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள், நாற்பது வயதிருக்கும். சரிவில் கூடையோடு உருண்டு அவளுக்கும் கால் முறிந்திருந்தது. இரண்டு பேர் காலிலும் மாவுக்கட்டு. எழுந்து நடக்க முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது.

ஒரு நாள் பின்னேரம் ஸுபைரா புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துக் கண்ணைத் துடைப்பதை இராக்கம்மா பார்த்தாள்.

"ஏங்கம்மா, கால் வலிக்குதுங்களா?"

"இல்ல அக்கா. கதை."

"கதைக்கா அழுவுறீங்க? அப்படி என்னதான் எழுதியிருக்கு? எனக்கும் சொல்லுங்களேன், நான் எழுத்து தெரியாதவ."

ஸுபைரா சொல்லத் தொடங்கினாள். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, முதல் பாகத்தை மறுபடி வரவழைத்துச் சத்தமாகவே வாசித்தாள். அடுத்த கட்டில்காரிகளும் காது கொடுத்தார்கள். நர்ஸ் கூட மருந்துத் தட்டோடு இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போவாள்.

இரண்டாம் பாகத்தில் நீலரேகை அடர்ந்த காட்டில், கடைசியாய் எஞ்சிய மழைமேகத்தின் கீழே, மூன்று பகலும் மூன்று இரவும் நடக்கிறாள். அந்த இடத்தில் இராக்கம்மா கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் நில்லுங்க. அந்தப் புள்ளைக்கு அட்டை கடிக்கலையா?"

"அட்டையா?"

"மூணு நாளு மழைக் காட்டுல நடந்திருக்கா. கால் முழுக்க அட்டை தொங்கியிருக்கணுமே! இதை எழுதினவரு மலையில நடந்ததே இல்லீங்க."

ஸுபைராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது. அச்சடித்த புத்தகத்தோடு சண்டை போடலாம் என்று அவளுக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. அச்சில் எது இருந்ததோ அதுதான் உண்மை என்று நம்பி வாசித்திருந்தாள்.

அதன்பிறகு இருவரும் வரிக்கு வரி பேசினார்கள். குதிரை ஏன் மலையில் களைக்கவில்லை, அரண்மனையில் நூறு பேருக்கு யார் சமைத்தார்கள், மந்திரவாதிக்குத் தாய் இல்லையா என்றெல்லாம். பெரிய சண்டை மூன்றாம் பாகத்தில் வந்தது.

"பொன்ரேகைய மன்னிக்கவே கூடாது" என்றாள் ஸுபைரா. "ஒரு நாட்டையே சாகக் குடுத்தீக்கிறா. அவளும் தண்ணியில்லாமச் சாகணும். அதுதான் நியாயம்."

இராக்கம்மா கை நீட்டி மாவுக்கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு மக இருந்தாங்க. நாலு வயசு. காய்ச்சல் வந்து மூணாம் நாளு போயிட்டா. அன்னிக்கு யாராச்சும் வந்து, மழையைக் குடு புள்ளையைத் தாரேன்னு கேட்டிருந்தா, தங்கச்சி, நானும் குடுத்திருப்பேன். இந்த மலை முழுக்கக் காஞ்சு போனாலும் குடுத்திருப்பேன்."

அன்றைக்கு மேற்கொண்டு வாசிப்பு நடக்கவில்லை. இரவுச் சாப்பாடு வந்தபோது ஸுபைரா தன் பாத்திரத்திலிருந்த முட்டையை எடுத்து இராக்கம்மாவின் தட்டில் வைத்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இராக்கம்மா வாயில் வந்த "தங்கச்சி" அன்றிலிருந்து மாறவும் இல்லை.

கட்டு அவிழ்த்து வீடு திரும்பிய பிறகு இராக்கம்மா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுணுகலை பஸ்ஸில் பதுளைக்கு வந்தாள். நொண்டி நொண்டி மாடிப்படி ஏறுவாள். ஸுபைரா வாசிப்பாள். மர்ஸூக் முதலாளி கணக்குப் பார்ப்பது போலத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் பொன்ரேகையைப் பற்றி இருவரும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கையில் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பொன்ரேகைட புருசன், அந்த ராசாவை ஏன் யாரும் கேக்கல்ல? புள்ள சாகக் கிடக்கக்குள்ள அவன் வேட்டைக்கிப் போயீக்கிறான்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதலாளி இத்தன நாளும் கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா?" என்றாள் இராக்கம்மா.

"காதுல விழுது, என்ன செய்ய?" என்றார் அவர். அடுத்த மாதம் திரையை ஒதுக்கிக் கட்டிவிட்டார்.

ஐந்தாம் பாகம் முடிந்தது. ஆறாம் பாகம் வரவில்லை. வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்து, இந்தியப் புத்தகங்கள் கடைகளில் அருகிப் போயின. பிறகு அரிசியே அரிதானது. அந்த நாட்களில் இராக்கம்மா வந்தால் மரவள்ளிக் கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு, வராத பாகத்தில் என்ன இருக்கும் என்று மூவரும் பேசுவார்கள்.

தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் செய்த ஒப்பந்தத்தின்படி, 1974இல் இராக்கம்மாவின் குடும்பத்துக்கு இந்தியா போகும் முறை வந்தது. அவள் பிறந்தது லுணுகலையில். இந்தியாவை அவள் கண்டதேயில்லை. கணவன் மாடசாமி, மகன், மருமகள் எல்லோரும் தகரப் பெட்டிகளோடு பதுளை ஸ்டேஷனில் நின்றார்கள். பிளாட்பாரம் முழுக்க ஒரே அழுகை. ஸுபைரா ஒரு சேலையும் ஒரு தாளும் கொண்டுபோயிருந்தாள். தாளில் பஸார் வீதி விலாசம்.

"அக்கா, போய்ச் சேர்ந்து யாரையாவது எழுதச் சொல்லுங்க."

"எழுதச் சொல்றேன் தங்கச்சி. அந்த ஆறாம் பாகம் அங்கதான இருக்கும்? விடமாட்டேன், தேடிப் புடிச்சுக் கேட்டுடுவேன்." தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வண்டி நகர்ந்தபோது இருவரும் கதையைப் பற்றி எதுவும் பேசவில்லை.

இரண்டு வருடம் ஒரு செய்தியும் இல்லை. பிறகு நீலகிரி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. மருமகள் கையெழுத்து, இராக்கம்மாவின் பேச்சு. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை, குளிர் பதுளையைவிட மோசம், ஊர்க்காரர்கள் தங்களைச் சிலோன்காரர் என்கிறார்கள். கடைசியில் இப்படி இருந்தது: "நூலகத்துல ஆறாம் பாகம் கெடச்சுது. மருமக படிச்சுக் காட்டுனா. முடிவை எழுதமாட்டேன். நீங்க படிச்சுட்டு எழுதுங்க. அப்புறந்தான் பேச்சு."

ஸுபைரா அந்தக் கடிதத்தைக் கணவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு தரம் வாசித்தார். "முடிவைச் சொல்லாம வெச்சீக்கிறாவே!" என்று அவர்தான் அதிகம் தவித்தார்.

1978இல் கட்டுப்பாடு தளர்ந்தது. சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போன மர்ஸூக் ஆறாம் பாகத்தோடு திரும்பினார். ஸுபைரா இரண்டே நாளில் வாசித்து முடித்தாள். மழை திரும்புகிறது. ஆனால் பொன்ரேகையைப் பாலைவனத்துக்குத் துரத்திவிடுகிறார்கள். தண்ணீரில்லாமல், தனியாக, மகனின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவள் செத்துப்போகிறாள்.

எட்டு வருடத்துக்கு முன்பு ஸுபைரா கேட்ட அதே நியாயம். இப்போது அவளால் அதைத் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் போய் வெறுமனே நின்றாள். பிறகு எழுத உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் அன்டைக்கிச் சொன்னது பிழை" என்று தொடங்கி ஏழு பக்கம் எழுதினாள். கதை எழுதியவருக்குத் தாய் மனம் விளங்கவில்லை, அரசனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, நீலரேகையாவது ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோயிருக்கலாம் என்று மனம் ஆறும்வரை எழுதினாள். அதையே கொஞ்சம் மரியாதையாக மாற்றி, சென்னைப் பதிப்பகத்துக்கும் ஒரு கடிதம் போட்டாள். அங்கிருந்து பதில் வரவில்லை.

கோத்தகிரியிலிருந்து ஒரு மாதத்தில் வந்தது.

"தங்கச்சி, உங்க கடுதாசிய மருமக மூணு தடவ படிச்சா. நான் அழுதுட்டேன். எழுதினவர விடுங்க, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இங்க இன்னொரு கதை இருக்கு. எட்டு பாகமாம். பறக்குற யானை வருதாம். நான் இன்னும் தொடங்கல. நீங்களும் தேடி எடுங்க, ரெண்டு பேரும் ஒண்ணாத் தொடங்குவோம். முதலாளியோட அபிப்பிராயத்தையும் தனியா எழுதி அனுப்பச் சொல்லுங்க."

அடுத்த கொழும்புப் பயணத்தில் மர்ஸூக் முதல் இரண்டு பாகங்களை வாங்கிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்ததும், இரண்டு வாங்கினேன் என்று சொல்லிவிட்டு ஒன்றை மட்டும்தான் ஸுபைராவிடம் கொடுத்தார்.

"மத்தது எங்க?"

"கடையில ஈக்கிது. பின்னேரம் ஆள் வராத நேரம் வாசிக்கப் போறேன்."

"முதல் பாகம் படிக்காம ரெண்டாவதையா?"

"முதலாவத ரயில்லயே முடிச்சிட்டேன்" என்றார் மர்ஸூக். "கெதியாப் படி. யானையப் பத்திப் பேசணும்."