கொடிக்குப் பிறகு ஐந்து கை

கையால் தடவிப் பார்க்காமல் ஷஹ்மா எதிலும் சாய்வதில்லை. கெலிஓயாவில் விடிகாலை பஸ்ஸில் ஏறியதும் கை பின்னால் போகும். சீற்றின் கம்பி எங்கே இருக்கிறதென்று தேடும். கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்து, அந்தக் கையின் மேல்தான் தலையைச் சாய்ப்பாள். பேராதனை வளைவில் சாரதி பிரேக் அடித்தால் பஸ்ஸே முன்னால் விழும். எல்லாரும் முன்கம்பியைப் பிடிப்பார்கள். இவள் பின்னந்தலையைப் பிடிப்பாள். ஒருநாள் பக்கத்திலிருந்த பெண் தலையிடி என்று நினைத்து, கேட்காமலே தைலம் பூசிவிட்டார்.

இருபத்திரண்டு வயது. மல்லாந்து நீந்தும் நூறு மீற்றரில் ஆறு வருடமாக மாகாணத்தில் இவளை முந்த ஆளில்லை. "அப்ப தண்ணிக்குப் பயமே இல்லையா?" என்று யாராவது கேட்டால், "தண்ணி பாவம், அது என்ன செய்யும்? சுவருக்குத்தான் பயம்" என்பாள். கேட்டவர் சிரிப்பார். அவள் சிரிப்பதில்லை.

நான் அவளுடைய உம்மாவின் தங்கை மகள். எங்களுக்குள் அக்காவைத் தாத்தா என்போம். ஆகவே இவள் எனக்குத் தாத்தா. குமர்ப் பிள்ளையை இருட்டோடு தனியாக பஸ் ஏற்ற மனமில்லாமல் அவளுடைய உம்மா, என் பெரியும்மா, என்னையும் சேர்த்து அனுப்பினார். நான் ஓ.எல். பரீட்சையில் கணக்கில் விழுந்து வீட்டிலிருந்த காலம். "சும்மா ஈக்கிற நேரம் அவளுக்குத் துணைக்காவது போ" என்றார். எனக்கு நீச்சல் தெரியாது. கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அப்படிப்பட்ட துணை.

ஏழு வயதில் ஷஹ்மாவுக்கு இழுப்பு. மூச்சு சரியாகும், நீந்தவிடுங்கள் என்றார் டொக்டர். முகம் தண்ணீருக்குள் போனபோதெல்லாம் இருமினாள். அதனால் மல்லாந்தே நீந்தினாள். மூச்சு வந்தது, பின்னாலேயே பதக்கங்களும் வந்தன. உடம்பு மூடிய நீச்சலுடை அப்போது கடைகளில் கிடைக்கவில்லை. பெரியும்மா இழுபடுகிற துணி வாங்கித் தானே தைத்தார். முதல் போட்டியில் பாதி வழியில் தோள் தையல் பிரிந்தது. ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீந்தி மூன்றாமிடம் வந்தாள். அந்த வெண்கலம் மட்டும்தான் அலுமாரிக் கைபிடியில் தொங்குகிறது. தங்கமெல்லாம் பிஸ்கட் டின்னில், ஊசி நூலோடு கிடக்கிறது.

மல்லாந்து நீந்துகிறவளுக்குச் சுவர் தெரியாது. வானம் தெரியும், கண்டி என்பதால் பாதி நாள் மழை தெரியும். சுவருக்கு ஐந்து மீற்றர் முன்னால், தடாகத்தின் குறுக்கே, சிறு கொடிகள் கட்டிய கயிறு போகும். கொடி கண்ணுக்கு மேலே கடந்ததும் கைவீச்சை எண்ணத் தொடங்க வேண்டும். ஷஹ்மாவுக்கு ஐந்து கை. ஐந்தாவது கை சுவரைத் தொடும். ஆறு வருடத்தில் அந்த ஐந்து ஒருநாளும் பிழையாகப் போனதில்லை. படிக்கட்டையும் ஐந்து ஐந்தாகத்தான் ஏறுவாள். ஒரு படி மிஞ்சினால் நின்று முறைப்பாள்.

எங்கள் தடாகத்தில் அந்தக் கயிற்றுக்கு நிலையான கம்பம் இல்லை. இரண்டு கரையிலும் சீமெந்து நிரப்பிய பெயின்ட் வாளி. அதில் நட்ட இரும்புக் குழாய். இழுத்தால் வரும். இழுத்தால் வரும் என்று நான் கண்டுபிடித்த அன்றே விசயம் கெட்டது.

அதற்கு முன் நான் செய்தவை சின்னச் சின்ன வேலைகள். பயிற்சி தருகிற டிலானி மிஸ்ஸின் விசிலுக்குள் பஞ்சு வைத்தேன். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கண்டியில் பெயரெடுத்தவர் அவர், விசில் இல்லாமலே தடாகம் அதிரக் கத்திவிட்டு, "கைரியா, ஒனக்கு மூளைய வேற எதுலயாவது போடத் தெரியாதா?" என்றார். எனக்கு அது பாராட்டாகக் கேட்டது.

வைகாசியில் ஒருநாள் கொடிகளைக் கொஞ்சம் நகர்த்த நினைத்தேன். ஐந்தாவது கையை நீட்டிச் சுவரைத் தேடுவாள், சுவர் இருக்காது, பலகை மாதிரி மிதப்பாள், எல்லாரும் சிரிப்போம். அப்படி நடக்க வேண்டுமானால் கொடியைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்திருக்க வேண்டும். நான் சுவர்ப் பக்கமாக இழுத்தேன். கணக்கில் விழுந்தவள் என்று சொன்னேன் அல்லவா.

முழு வேகத்தில் வந்தாள். சீமெந்துத் தரையில் தேங்காய் விழுகிற சத்தம். அவள் கத்தவில்லை. தடாகத்து அடியின் நீல ஓட்டுக்கு மேலே சிவப்பு மெதுவாக விரிந்தது. எல்லாரும் அவளிடம் ஓடினார்கள். நான் வாளிகளிடம் ஓடினேன். ஒன்றைத் தள்ளி, சுற்றி ஓடி மற்றதையும் தள்ளி, பழைய இடத்தில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஏழு தையல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சொன்ன முதல் பேச்சு, "நான் மூணுதான் எண்ணின மிஸ்."

"இல்லம்மா, எண்ணிக்க தப்பிப்போச்சு. அடிபட்ட அதிர்ச்சியில ஒனக்கு மூணுன்னு தோணுது" என்று டிலானி மிஸ் அவள் கையைத் தடவினார். "எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன்.

தையல் ஆறியது. ஆனால் கொடி கடந்ததும் அவள் தலை திரும்பத் தொடங்கியது. சுவர் எங்கே, சுவர் எங்கே என்று இரண்டு தரம் பார்க்கிறாள். அரை செக்கன் போய்விடுகிறது. வீட்டில் கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டாள். நான் யாரும் சொல்லாமலே சுவரோரம் மண்டியிட்டு, அவள் தலை வரும் இடத்தில் நுரைப் பலகை பிடிக்கத் தொடங்கினேன். "பரவாயில்லையே, திருந்திட்டா" என்றார் மிஸ். ஒவ்வொரு தடவையும் அவள் வரும்போது, அந்தச் சத்தம் இன்னொரு முறை வரப்போகிறதென்றே இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை கொழும்பில் தேசிய அணிக்கான தெரிவு. இருபத்திரண்டு வயதில் விட்டால் பிறகு கூப்பிட மாட்டார்கள். வியாழக்கிழமை காலை, தூறலில், தண்ணீருக்குள் இருந்தபடியே நீச்சல் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"நான் போகல்ல."

"என்ன தாத்தா செல்றீங்க?"

"தலைய நேரா வச்சா பயம். திருப்பினா நேரம் போகுது. தண்ணிக்குள்ள என்னட்ட ஈந்தது அந்த எண்ணிக்க மட்டும்தான் புள்ள. அதே பிழைச்சிட்டு. இனி எதப் பிடிச்சிட்டு நீந்துற?"

தூறல் அவள் முகத்தில் விழுந்தது. நல்லதாகப் போயிற்று, எது எதுவென்று தெரியவில்லை.

"உங்கட எண்ணிக்க பிழைக்கல்ல தாத்தா" என்றேன். என் குரல் யாரோ ஒருத்தியுடையது மாதிரி இருந்தது. "நான்தான் வாளிய இழுத்த."

"எந்த வாளிய?"

"ரெண்டையும். சுவர்ப் பக்கம். சும்மா, விளையாட்டுக்கு. பொறகு திருப்பி வச்சிட்டேன்."

அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கொடிகளைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"எவ்வளவு இழுத்த?"

"ரெண்டு மீற்றர்."

அவள் உதடு அசைந்தது. "ரெண்டு மீற்றர். அப்ப மூணாவது கை." விரலை மடக்கி எண்ணினாள். பிறகு, "மூணுதான் நான் எண்ணின" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

என் கையிலிருந்த கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு மறு முனைக்கு நீந்திப் போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கவே மாட்டாள் என்று நினைத்தேன். பழக்கத்தில் நுரைப் பலகையைச் சுவரில் பிடித்தேன்.

"பலகைய எடு!" என்று அங்கிருந்து கத்தினாள்.

"தாத்தா, வாணாம்..."

"எடு எண்டு செல்றேன்!"

எடுத்தேன். வந்தாள், அந்தப் பழைய வேகத்தில். தலை கொடியைக் கடந்தது. ஒன்று. இரண்டு. மூன்றில் என் கண் தானாக மூடிக்கொண்டது. நான்கு. சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

சுவரில் உள்ளங்கை விழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் தலை வானத்தைப் பார்த்தபடி இருந்தது.

மூச்சு வாங்க எழுந்து நின்று, ஏற்றிவிடு என்பது போல ஈரக் கையை நீட்டினாள். பிடித்தேன். இழுத்தாள். உடுப்போடு, செருப்போடு, தலைகீழாக உள்ளே போனேன். மூக்கு நிறையத் தண்ணீர். மேல் எது கீழ் எது தெரியாமல் கை காலை அடித்து, பின்பக்கமாகச் சுவரை நோக்கிப் போனேன்; அடி விழப்போகிறதென்று பல்லைக் கடித்தேன்.

பின்னந்தலையில் பட்டது உள்ளங்கை. சுவருக்கும் என் தலைக்கும் நடுவில் அவள் அதை முன்கூட்டியே விரித்து வைத்திருந்தாள்.