அக்காவின் நெற்றி

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் இந்நினைவு மலரைக் கையேற்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். மறைந்தோரைப் பற்றி எழுதுபவர் அவர்தம் பெருமையை முன்னிறுத்தித் தம்மைப் பின்னிறுத்துவதே முறை. இக்கட்டுரையில் அம்முறையை என்னால் முழுமையாகப் பேண இயலவில்லை. அட்டைப்படத்தைப் பார்த்தவர்க்குக் காரணம் பாதி விளங்கியிருக்கும். மீதியைச் சொல்வது என் கடமை.

அக்கா வடமராட்சியில் எங்கள் பெற்றோரின் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைசிப் பிள்ளை. திருமணமாகிப் பிரான்சுக்கு வந்த அவர், மகள் பிறந்த மறு ஆண்டே அத்தானை இழந்தார். லெ பிளாங்-மெனிலில் ஓர் அறையில் குடியிருந்து, விடுதி ஒன்றின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை அழுத்தி மடித்து மகளை வளர்த்தார். பின்னர் வந்து சேர்ந்த எனக்கும் அவரே உணவும் உறைவிடமும் தந்தார். வதிவிட உரிமைக்காக நான் அலைந்த காலத்தில், வேலைக்கு விடுப்பெடுத்து என்னோடு பொபினி அரச அலுவலக வாசலில் குளிரில் வரிசையில் நின்றவரும் அவரே. ஓய்வு பெற்றபின் ரூ பிலிப்-து-ஜிரார் என்னும் தெருவில் ஒரு சிறு வீட்டில் மகளோடு வாழ்ந்தார்.

அக்காவுக்கு நிழற்படம் பிடிக்காது. கொண்டாட்டங்களில் படமெடுப்பவர் அணுகினால், அருகிலிருக்கும் குழந்தையைத் தூக்கித் தம் முகத்துக்கு முன்னே பிடித்துக்கொள்வார். "என்ரை படமெல்லாம் பப்பியேக்கு எடுத்ததுதான். சிரிக்கக் கூடாது, காது தெரிய வேணும். என்னைப் பாக்கிறதுக்கெண்டு ஆரும் எடுக்கேல்லை" என்பார். அரசு ஆவணங்களைப் பப்பியே என்றே இங்கு நாம் எல்லோரும் வழங்குகிறோம்.

அக்காவின் மகளாகிய என் மருமகள் ஓவியம் பயின்றவள். சென்ற ஆண்டு எங்கள் இருவரையும் ஒரு கண்காட்சிக்கு அழைத்துச் சென்றாள். விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கில ஓவியர் ஒருவர், பெரிய ஓவியம் ஒன்றுக்கு முன்வரைவாகத் தம் தமக்கையை அமர்த்திச் சுண்ணக்கட்டியால் தீட்டிய படம் அங்கே இருந்தது. சாம்பல் நிறத் தாளில் கறுப்பு, செம்மை, வெண்மை மட்டுமே. முகம் பேசும் நிலையில் நின்றது. கழுத்தின் கீழ் இரண்டு கோடுகளோடு ஓவியரின் கை ஓய்ந்திருந்தது. அதைக்கொண்டு அவர் வரைந்த பேரோவியத்தின் சிறு படியும் பக்கத்தில் இருந்தது. அதில் அத்தமக்கை முடி சூடிய அரசியாக வீற்றிருந்தார்.

"இதை முடிக்காமல் விட்டிட்டார் போலை" என்றேன்.

"தம்பிக்கு எல்லாத்துக்கும் முற்றுப்புள்ளி வைக்க வேணும்" என்று அக்கா சிரித்தார். "பெரிய படத்திலை இருக்கிறது ஆரோ ராசாத்தி. இதிலை இருக்கிறவதான் அவரின்ரை அக்கா." பிறகு மகளிடம், "பிள்ளை, என்னையும் இப்பிடி ஒருக்காக் கீறன். சீலை நகை ஒண்டும் வேண்டாம், முகம் மட்டும் காணும்" என்றார்.

"பப்பியேக்கோ, அம்மா?"

"இல்லையடி. எனக்கு."

நோய் முற்றிய பனிக்காலத்தில் சன்னலருகே அமர்ந்து அப்படத்துக்கு முகம் கொடுத்தார். நானும் உடனிருந்தேன். "நெத்தியிலை இருக்கிற கோட்டை விட்டிடாதை. அது உன்ரை மாமா பப்பியேக்கு அலைஞ்ச காலத்திலை வந்தது" என்று மகளிடம் சொல்லி என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார். மருமகள் அக்கோட்டையும் சுண்ணக்கட்டியால் கீறினாள். தூள் உதிராதிருக்க மருந்து தெளித்தால் கண்ணின் ஒளி மங்கிவிடும் என்று, தாளை அப்படியே கண்ணாடியிடாமல் வைத்திருந்தாள்.

அக்கா மறைந்தபின், எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று அப்படத்தையே விளக்கருகே வைத்தாள். கிரியைகளை முன்னின்று நடத்தியவன் நான். மறைந்தோர் படத்துக்குத் திருநீறும் சந்தனமும் சாத்துவது நம் வழக்கம். நாம் சாத்துவது கண்ணாடியின் மேல் என்பதை ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. மருமகள் சமையலறையில் படையலுக்கான கறிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். நான் குழைத்த திருநீற்றை மூன்று விரல்களால் அக்காவின் நெற்றியில் இழுத்தேன். விரலோடு நெற்றியும் வந்தது. பதறிச் சால்வை நுனியை நனைத்துத் துடைத்தேன், இடப்புருவமும் கலைந்தது. எனக்காக அவர் நெற்றியில் விழுந்த கோட்டை நானே அழித்துவிட்டிருந்தேன்.

கூடியிருந்தோர் பேச்சடங்கினர். நானும் அடங்கியிருக்கலாம். "கண்ணாடி போடாத படத்தை ஆர் இஞ்சை வைச்சது?" என்று உரத்துக் கேட்டேன். உங்களுள் பலர் அதைக் கேட்டீர்கள்.

மருமகள் வந்து பார்த்தாள். "அது தூள், மாமா. வெறும் தூள்" என்றாள். பிரெஞ்சு மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பின் நான் செய்தது அதனினும் கீழானது. மறைக்க முற்பட்டேன். படத்தைக் கைப்பேசியில் பதிந்து, இம்மலரை அச்சிடவிருந்த, லா சப்பல் பகுதியிலுள்ள தமிழ் அச்சகத்துக்குக் கொண்டு சென்றேன். "ஐயா, இதொரு வேலையே? நெத்தியை நிரப்பி, பட்டுச்சீலை உடுத்தி, பின்னாலை தாமரைக் குளமும் வைச்சுத் தாறன்" என்றார் உரிமையாளர். தலையசைத்தேன். அவர் சொன்னபடியே செய்து தந்த அச்சு மெய்ப்பை மருமகளிடம் நீட்டினேன்.

"வடிவாத்தான் இருக்கு. உங்களுக்கு விருப்பமெண்டா அடியுங்கோ" என்றாள். "ஆனா அதுக்குக் கீழை அம்மா எண்டு மட்டும் எழுதாதேங்கோ."

மெய்ப்பை மறுபடி பார்த்தேன். குளத்தின் முன்னே பட்டும் நகையுமாக யாரோ ஓர் அரசி வீற்றிருந்தார்.

மறுநாளே அதை அச்சிட வேண்டாமென்று அச்சகத்தில் சொல்லிவிட்டேன். கலைந்த படத்தை உள்ளபடியே அச்சிட மருமகளிடம் இசைவு வேண்டினேன், தந்தாள். என்னை மன்னித்தாளா என்று கேட்கவில்லை. அவ்வினா அவளுக்கு மேலும் ஒரு சுமையாகும்.

நோயுற்ற காலத்தில் அக்காவைப் பேணிய தாதியர்க்கும், நாள் தவறாமல் உணவு கொண்டுவந்த மேல்மாடி அயலவர்க்கும், தொலைவிலிருந்து வந்து இறுதிக் கிரியைகளில் துணைநின்ற உங்கள் அனைவர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எட்டுச் செலவன்று நான் எழுப்பிய வினாவுக்கு விடையையும் இங்கே பதிகிறேன்: படத்தை அங்கே வைத்தவள் அக்காவின் மகள், அவள் வைத்தது சரியே.

அச்சகத்தார்க்குத் தனியே நன்றி. அட்டையில் நெற்றி மங்கி, இடப்புருவம் கலைந்திருப்பதைக் கண்டு எவரும் அவரைக் குறைகூற வேண்டாம். அச்சில் பிழையில்லை. அது என் விரல்.

— தம்பி