முதல் பக்கத்தில் நின்ற மரப்பாச்சி

என் வீட்டுக்காரர் மதியழகனுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது. ரேஷன் கடையோ, தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரோ, கோயில் புளியோதரையோ, பக்கத்து வரிசை வேகமாக நகர்வதாக அவருக்குத் தோன்றிவிடும். உடனே அங்கே தாவுவார். தாவிய மறுநிமிஷம் பழைய வரிசை நகர ஆரம்பிக்கும். எங்கள் கல்யாண வரவேற்பில், மொய்க்கவருடன் ஆட்கள் மேடையேறி நிற்கையில் இறங்கிப் போய், பந்தியில் ஏன் கூட்டம் தேங்குகிறது என்று பார்த்துவிட்டு வந்த மனிதர். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தார். ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து, இவனுக்கு ஒன்று அவனுக்கு ஒன்று காட்டி, எதை ஜனங்கள் அதிகம் தட்டுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவருக்குச் சோறு போட்டது. போன வருஷம் அந்தப் பிரிவையே இழுத்து மூடினார்கள். வேறு வேலைக்கு அலைந்தார், பதில் வரவில்லை. வீட்டில் சும்மா இருக்கவும் முடியவில்லை. அப்போதுதான் இந்தப் பழம்பொருள் பைத்தியம் பிடித்தது.

பம்மலில் குப்பன் என்று ஒரு பழைய இரும்புக்காரர். இடிக்கிற வீடுகளிலிருந்து அவர் அள்ளி வருவதில் எனாமல் போர்டு, வால்வு ரேடியோ, பித்தளைப் பூட்டு என்று பொறுக்கி எடுத்து, இணையத்தில் ஏலம் விடுவது இவர் தொழில். எங்கள் மேற்குத் தாம்பரம் வீட்டு ஹாலில் நடக்க வழியில்லை. சோபாவில் பூட்டு, சோபாவுக்கு அடியில் ரேடியோ. விற்றதோ சொற்பம்.

"சரக்குல தப்பு இல்ல ஷர்மிளா. யார் கண்ணுலயும் படல, அதான்" என்பார்.

அந்த ஏலத் தளத்தில் கூடுதலாகக் காசு கட்டினால் நம் பொருளை முதல் பக்கத்தில், தங்க நிறக் கட்டம் போட்டு நிறுத்துவார்கள். பிரீமியம் என்று பெயர். கட்டாதவர் பொருள் உள்ளே எங்கோ கிடக்கும், தேடி வருபவர் கண்ணில் பட்டால் உண்டு. கட்டுவதா வேண்டாமா என்பதுதான் எங்கள் வீட்டில் காலை டிபன், மதியச் சாப்பாடு எல்லாம். இட்லியைத் தட்டில் வைத்தால், "முதல் பக்கத்துல இருக்கறது போலியா இருக்கும்னு ஜனங்க நினைப்பாங்களோ?" என்பார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் கட்சி மாறியிருப்பார். "இல்ல, கட்டித்தான் பார்க்கணும். கட்டாம தெரியாது."

புரட்டாசி பிறந்தது. கொலுப்படி கட்ட இடம் வேண்டும். ஹாலைப் பார்த்தேன், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"இவ்வளவும் விக்கறீங்கல்ல? அப்படியே லாஃப்ட்ல இருக்கற என் பொம்மையையும் எடுத்து வித்துடுங்க! தாராளமா எடுத்துக்கோங்க!" என்று கத்திவிட்டு, ஆபீஸ் வேனைப் பிடிக்க ஓடினேன்.

உலகத்தில் எந்தப் பெண்ணும் இப்படிச் சொன்னால் அதற்கு 'தொட்டால் தெரியும் சேதி' என்றுதான் அர்த்தம். என் வீட்டுக்காரர் டெஸ்டிங்காரர். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வார்.

நானும் நாவலூரில்தான் வேலை பார்க்கிறேன், வேறொரு கம்பெனியின் சம்பளப் பிரிவில். சில நாள் கழித்து, வேன் மேடவாக்கத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் இருந்த ஜீவிதா போனை நீட்டினாள். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த பெண். புது வீட்டில் முதல் கொலு வைக்கிறாள், பழைய பொம்மை தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதைப் பாருங்களேன், எவ்ளோ க்யூட்டா இருக்கு! ஆனா ஆம்பளை பொம்மையை மட்டும் தனியா போட்டிருக்காங்க. பாவம்ல?"

முதலில் எனக்கு அடையாளம் தெரிந்தது பொம்மை இல்லை. அது நின்றிருந்த மேஜைவிரிப்பு. என் விரிப்பு. என் அண்ணி தைத்துக் கொடுத்த நீலப்பூ விரிப்பு. பிறகுதான் பொம்மையைப் பார்த்தேன். செம்மரம், இடது தோளில் விளக்கு சுட்ட தழும்பு. என் கல்யாணத்தில் அம்மா கொடுத்த மரப்பாச்சி ஜோடியில் ஆண். சுற்றிலும் தங்கக் கட்டம்.

"பொண்ணு எங்கே?" என்றேன்.

ஜீவிதா தேடினாள். தள்ளித் தள்ளி, ஏழெட்டுப் பக்கம் தாண்டி, உடைந்த டார்ச் லைட்டுக்கும் யாரோ ஒருத்தருடைய பித்தளை டம்ளருக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கட்டம் கிட்டம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் கொலுப்படியில் முதலில் ஏறுவது மரப்பாச்சி ஜோடிதான். விஜயதசமியன்று படுக்க வைப்பதும் சேர்த்துத்தான். டப்பாவில் போடும்போதுகூட அம்மா இரண்டையும் ஒரே துணியில் சுற்றுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்குச் சாமி, சகுனம் இதிலெல்லாம் பெரிய பிடிப்புக் கிடையாது. ஆனாலும் வேனில் உட்கார்ந்தபடி எனக்குப் பயமாக இருந்தது. வேலை போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதே குறைந்திருந்தது. இந்த நேரத்தில் இது ஒன்று வேண்டுமா?

போன் போட்டேன். "நீதானே எடுத்துக்கோன்னு சொன்னே?" என்றார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

"சரி, சொன்னேன். எதுக்கு ரெண்டா பிரிச்சீங்க?"

"அதான் விஷயமே! ஒரே மரம், ஒரே வயசு, ஒரே உயரம். ஒண்ணு பிரீமியம், ஒண்ணு சாதா. இதைவிட நல்ல டெஸ்ட் கிடைக்காது. ஒரு வாரத்துல விடை தெரிஞ்சுடும்."

"ஒண்ணு ஆம்பளை, ஒண்ணு பொம்பளைங்க."

"மரத்துக்கு என்னம்மா ஆணு பொண்ணு?"

வேனில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அழைப்பைத் துண்டித்தேன்.

நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். ஆணுக்கு ஏற்கெனவே யாரோ விலை கேட்டுவிட்டார்களாம். ஏலம் தொடங்கிய பிறகு பின்வாங்கினால் தளத்தில் கரும்புள்ளி, இரண்டாவது முறை செய்தால் கணக்கையே முடக்கிவிடுவார்களாம். "இத்தனை மாசம் கஷ்டப்பட்டு ஸ்டார் சேர்த்திருக்கேன் ஷர்மிளா" என்றார். கெஞ்ச எனக்கு மனம் வரவில்லை. என் பொருளை என்னிடம் கேட்டு எடுத்திருக்க வேண்டியவர் அவர், நான் ஏன் கெஞ்ச வேண்டும்? வீம்புதான். பொம்மைகள் இன்னும் வீட்டில்தான் இருந்தன, மேஜைமேல், பக்கத்துப் பக்கத்தில். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் உட்காரவில்லை. பல் தேய்த்துக்கொண்டே போன், சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே போன். "ஆம்பளையை எவ்ளோ பேர் பார்த்திருக்காங்க தெரியுமா!" என்று சமையலறை வாசலில் வந்து நிற்பார். நான் கடுகைத் தாளிப்பேன். பார்க்கிறவர்கள் குவிந்தார்கள், விலை மட்டும் ஏறவில்லை. உள்ளே கிடந்த பெண்ணைத்தான் பாதி வாரம் போனதும் சிலர் கேட்க ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை இரண்டு பேர் விடாப்பிடியாக மோதினார்கள். இவர் பால்கனிக்கும் ஹாலுக்குமாக நடந்தார், பூட்டுப் பெட்டியில் இடித்துக்கொண்டார், மறுபடி நடந்தார். விலை ஏற ஏற, அவள் என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மாலை ஏலம் முடிந்தது. பெண் பொம்மை போன விலையில் பாதிகூட ஆணுக்கு வரவில்லை.

"தெரிஞ்சுபோச்சு!" என்று குதித்தார். "பிரீமியம் சுத்த வேஸ்ட்! முதல் பக்கத்துல நின்னவன் தோத்துட்டான், கடைசியில கிடந்தவ ஜெயிச்சுட்டா!"

"யார் வாங்கினாங்க?" என்றேன்.

"ஆம்பளையைக் கோயமுத்தூர்ல வேதாசலம்னு ஒருத்தர். பொம்பளையைப் பெங்களூர்ல ரேஷ்மான்னு ஒரு அம்மா."

கோயம்புத்தூருக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று. முகத்தைக் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் குதிப்பு இல்லை. போனை என்னிடம் நீட்டினார். வாங்கியவர்கள் இரண்டு பேரும் எழுதியிருந்தார்கள்.

வேதாசலம்: "சார், முதல் பக்கத்தில் ஆணைப் பார்த்தேன். ஜோடி இருக்குமே என்று தேடிப் பிடித்துப் பெண்ணுக்குத்தான் முழு மூச்சாகக் கேட்டேன். எனக்குக் கட்டுப்படியாகாமல் போய்விட்டது. இவனை மட்டும் வைத்து நான் என்ன செய்ய?"

ரேஷ்மா: "ஆணையும் நானே எடுப்பதாக இருந்தேன். கடைசி நிமிடத்தில் தவறிவிட்டது. வாங்கியவரிடம் பேசி வாங்கித் தர முடியுமா? ஒற்றையாக வீட்டில் வைக்க மனசு வரவில்லை."

இரண்டு தடவை படித்தேன். சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும்.

"யாருங்க தோத்தது? அவனைப் பார்த்துட்டு வந்தவங்கதான் இவளைத் தேடிப் போயிருக்காங்க. நீங்க அவனுக்குக் காசு கட்டி, இவளுக்கு விளம்பரம் பண்ணியிருக்கீங்க. உங்க டெஸ்டுல ஒண்ணும் தெரியல. ஒண்ணைப் பார்த்தா இன்னொண்ணைத் தேடுவாங்கன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியல."

அவர் மேஜைமேல் நின்ற பொம்மைகளைப் பார்த்தார். அவற்றைப் பொருளாக இல்லாமல் பொம்மையாக அவர் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் பால்கனிக் கதவு சாத்தினாலும் சாத்தாத மாதிரிதான்.

"வேதாசலம் சாரா? சார், நான் மதியழகன், தாம்பரம்... இல்ல சார், பார்சல் அனுப்பல. அனுப்ப முடியாது சார். அது என் வொய்ஃபோட பொம்மை. அவங்க அம்மா கல்யாணத்துக்குக் குடுத்தது... கோபத்துல எடுத்துக்கோன்னு சொன்னா. அது கோபம்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

நான் கையில் பிடித்திருந்த டவலோடு அப்படியே நின்றுவிட்டேன். தெரிந்துதான் எடுத்தாராம். இத்தனை நாளும், இந்த மனிதருக்குப் பேச்சு புரியாது என்று சொல்லித்தான் நான் என்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் வேதாசலம் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார் போலிருக்கிறது. இவர் "கரெக்ட் சார், தப்புதான் சார்" என்று நடந்துகொண்டே இருந்தார். அடுத்து பெங்களூர் அம்மாள். விஷயத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் இரண்டு பேரும் ஒற்றை ஸ்டார் போட்டார்கள். ஒரே நாளில் இரண்டு விற்பனையை ரத்து செய்ததால் தளம் கணக்கை முடக்கியது. சேர்த்த ஸ்டார் எல்லாம் போச்சு.

உள்ளே வந்தார். சோபாவில் இருந்த பூட்டுகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போனைத் தொடவில்லை, காலை ஆட்டவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. பதினைந்து வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் ஒரு இடத்தில் உட்கார மாட்டாரா என்று நான் ஏங்காத நாள் இல்லை. இப்போது உட்கார்ந்திருக்கிறார், எனக்கு அது தாங்கவில்லை. கோபம் எங்கேயோ போய்விட்டது. வேலை போன அன்றைக்குக்கூட அவர் இப்படி உட்காரவில்லை.

"எழுந்திருங்க. என் ஆதார் கார்டு பீரோவுல இருக்கு. ஏலத்துக்கு என் பேர்ல ஒரு அக்கவுண்ட் ஆரம்பிங்க."

"உன் பேர்லயா?"

"ஆமா. முதல் பக்கத்துல போடுங்க, கடைசிப் பக்கத்துல போடுங்க, அது உங்க இஷ்டம். ஆனா இந்த வீட்டை விட்டு ஒரு குண்டூசி போனாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் போகணும். நான் கத்தினா அது பதில் இல்ல. திரும்பக் கேளுங்க."

எழுந்தார். ஆதாரைத் தேடுகிறேன் என்று பீரோவையே கலைத்துப் போட்டார்.

மரப்பாச்சி ஜோடி இந்த வருஷம் ரேடியோக்களுக்கு நடுவில், மூன்றே படி வைத்த கொலுவில் ஏறியது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரமே குப்பன் படியேறி வந்து வாசலில் நின்றார். "யம்மா, சார் வூட்ல கீறாரா? ஒரே மாதிரி ரெண்டு பிஸ்கட் டப்பா சிக்கிக்கீது. ஆணு பொண்ணு பேஜாரெல்லாம் இதுல கெடையாது."

சோதனை மறுபடி ஆரம்பமாகிவிட்டது. கேட்கச் சொன்னேன் அல்லவா, கேட்கிறார். நாள் முழுக்கக் கேட்கிறார். நான் ஆபீஸில் எக்ஸெலில் தலையை விட்டிருக்கும்போது, "சிவப்பு டப்பாவை விக்கலாமா?" மதியம் தயிர்சாதத்தில் கை வைக்கும்போது, "பிரீமியம் ரெண்டு நாளைக்கா, ஏழு நாளைக்கா?" ஜீவிதா என் போன் அடித்தாலே, "அக்கா, மாமா" என்று சிரிக்கிறாள்.

நேற்றும் அடித்தது. மாதக் கடைசி, மீட்டிங்குக்கு எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எந்த டப்பாவாக இருந்தாலும் வித்துடுங்க என்று சொல்லத் தயாராகப் போனை எடுத்தேன்.

"ஷர்மிளா, ஒண்ணு கேட்கணும்" என்றார். நடக்கும் சத்தம் கேட்கவில்லை. "நான் இந்தத் தொழிலை விட்டுடணும்னு நீ நினைக்கறியா? கோபத்துல சொல்லாத. யோசிச்சுச் சொல்லு."

கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து ஜீவிதா வரச்சொல்லிக் கையை ஆட்டினாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என்னைக் கேட்டுச் செய்யுங்கள் என்று சட்டம் போட்டவள் நான். கேட்டுவிட்டார். பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.