கரபீனருக்கு ஓர் ஊசித்துளை

பழைய கரபீனர் துவக்கில் குறி பார்க்க மூன்று பொருட்கள் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். கண்ணுக்குக் கிட்ட உள்ள இரும்புப் பள்ளம், குழாயின் நுனியில் நிற்கும் கம்பி, முந்நூறு மீற்றருக்கு அப்பால் உள்ள கறுப்பு வட்டம். வயதான கண்ணுக்கு மூன்றில் ஒன்றுதான் அகப்படும். இந்த இளவேனிலில் எனக்கு அந்த ஒன்றும் அகப்படவில்லை. பத்துப் புள்ளிக்கு ஒன்பதும் பத்தும் எடுத்துவந்தவனுக்கு ஐந்தும் ஆறும் விழுந்தன.

எனக்கு எழுபத்திரண்டு வயது. இடது கண்ணின் நடு நான்கு வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. ஓரங்கள் தெரியும், எதைப் பார்க்கிறேனோ அது தெரியாது. மிஞ்சியிருப்பது வலது கண் ஒன்று. அதன் உட்திரையிலும் சில புள்ளிகள் இருக்கின்றன, கண்புரையும் இருக்கிறது, மங்கல் எதனால் என்று இப்போது சொல்ல முடியாது, ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் கண் வைத்தியர். பிறகு ஊசித்துளைகள் போட்ட ஒரு கறுப்பு மட்டையை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். துளைக்குள்ளால் சுவரிலிருந்த எழுத்துப் பலகையில் இரண்டு வரி கூடுதலாக வாசித்தேன். துளையால் தெளிந்தால் பிழை கண்ணின் முன்பக்கத்தில், அதைத் திருத்தலாம். தெளியாவிட்டால் பிழை உட்திரையில், அதற்கு மருந்தில்லை என்றார். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சுவிற்சர்லாந்தில், வில் நகருக்கு வெளியே, சோளத் தோட்டங்களின் ஓரத்தில், எங்கள் சூட்டுச் சங்கம் இருக்கிறது. சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்த வருடம், தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். சங்கத்தில் துவக்குகளைப் பழுது பார்ப்பவரும் அவர்தான். நான் கரபீனர் வாங்கிய அன்று மனைவி சொன்னாள்: "அங்கை ஊரிலை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்து, இங்கை காசு குடுத்துத் துவக்கு வாங்கின ஒரே மனிசன் நீங்கள்தான்." சரியான பேச்சுத்தான். ஆனால் வேலையால் நின்ற பிறகு, சனிக்கிழமைகளில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் மனிதர்கள் எனக்கு அங்கே மட்டும்தான் இருந்தார்கள்.

இந்த வருடம் என் சூடு சிதறியதைப் பார்த்த அந்தப் பழுது பார்க்கும் நண்பர், பள்ளத்தை விட்டுவிட்டு டியோப்டர் பூட்டச் சொன்னார். அது ஒரு சிறிய குழல். அதன் நடுவில் ஊசித்துளை. பழைய துவக்கில் துளை போடாமல், பின்பக்கத்து இரும்பை இரண்டு திருகாணிகளால் கவ்விப் பிடிக்கும். வயதானவர்களுக்கு அது இன்னும் பத்து வருடம் கொடுக்கும் என்றார். அவர் சொன்னது துவக்கைப் பற்றி. எனக்கு வைத்தியரின் மட்டை ஞாபகம் வந்தது. துவக்கில் துளையால் தெளிந்தால் என் கண் தப்பியது. யோசிக்காமல் பணம் கட்டினேன்.

பொருள் வந்து சேர்ந்தது சரஸ்வதி பூசைக் கிழமையில். மகளின் மடிக்கணினி, என் திருகாணிச் சாவிகள், மனைவியின் தையல் மெஷின் எல்லாம் சுவாமிப் படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. "உங்கட துவக்கையும் கொண்டுவந்து வையுங்கோ, அது மட்டும் என்ன பாவம் செய்தது?" என்றாள் மனைவி. வைத்தேன். டியோப்டரைத் தனியே பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். விஜயதசமி முடிந்து பூட்டுவதற்கு முன் துவக்கைத் துடைக்கத் தொடங்கினேன். கவ்வி வந்து உட்காரும் இடத்தில் இருந்த பொட்டை மட்டும் அவள் துடைக்க விடவில்லை.

"அது உள்ளுக்கை இருக்கட்டும். வெள்ளைக்காரருக்குத் தெரியாது."

சந்தனம் காய்ந்து மெல்லிய தகடாக இருந்தது. இதனால் என்ன வரப்போகிறது என்று அதன் மேலேயே கவ்வியை வைத்து முறுக்கினேன். எதையும் மூன்று முறை சரிபார்க்கிறவன், அன்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

அந்த வருடத்துக் கடைசிச் சூட்டு நாள், சனிக்கிழமை. பாயில் குப்புறப் படுத்துத் துளைக்குள் பார்த்தேன். மங்கலாகவே இருந்தது. முதல் சூடு நாலு, அடுத்தது இலக்கிலேயே இல்லை. டியோப்டரின் திருகை இடப்பக்கம் ஆறு கிளிக் திருப்பினேன். அடுத்த சூடு வலப்பக்கம் போனது. எட்டுச் சூட்டில் இரண்டுகூட ஒரே இடத்தில் விழவில்லை. நண்பர் துவக்கை வாங்கி டியோப்டரைத் தொட்டார், அது ஆடியது. கழற்றினார். அடியில் மஞ்சளாக ஒரு பொருக்கு நொறுங்கிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் துவக்குக்கும் வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டுகிறீர்களா என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். இருமும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஏழு மாதத்தில் மனம் விட்டுச் சிரித்தது அப்போதுதான். பிழை சந்தனத்தில் என்றால் கண்ணில் இல்லை. வெளியே போய் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, "உம்மட சந்தனம்தான் எல்லாத்தையும் கெடுத்தது" என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நண்பர் இரும்பைச் சுத்தமாக்கி, திரும்பப் பூட்டி, தானே ஐந்து சூடு வைத்துக் குறியைச் சரிசெய்தார். கடைசி மூன்றும் பத்து. பிறகு என்னைப் படுக்கச் சொன்னார்.

துளையின் விளிம்பு முழு வட்டமாகத் தெரிந்தது. குழாயின் இரு பக்கமும் தெரிந்தன. நடுவில் கம்பி நிற்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் அழுக்கு. கண்ணைச் சற்று ஓரமாகத் திருப்பினால் கம்பி வந்தது. நேரே பார்த்தால் போனது. இடது கண்ணிலும் இது இப்படித்தான் தொடங்கியது. விசையில் விரலை வைக்காமல் கிடந்தேன். சரியா என்று நண்பர் கேட்டார். மிகவும் சரி என்றேன். ரவைகளைக் கழற்றிவிட்டு, தலை சுற்றுகிறது என்று சொல்லி எழும்பினேன். அடுத்த வருடம் எல்லாரையும் வெல்வாய் என்று தோளில் தட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பிடாமல் இருந்தாள்.

"இனிமேல் வைக்க மாட்டன். நான் நல்லதுக்குத்தான் வைச்சனான்," என்றாள்.

ஓம் என்று தலையாட்டி அதோடு விட்டிருக்கலாம். பழி அவளிடம் இருந்திருக்கும், கண்ணை மறைத்து வைக்க எனக்கு இன்னும் ஒரு குளிர்காலம் கிடைத்திருக்கும். முடியவில்லை.

"சந்தனம் இல்லையப்பா. கண்."

"எந்தக் கண்?"

"மற்றது."

அவள் அழவில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, என்னைத் தெரியுதோ என்றாள். ஓரமாப் பார்த்தால் வடிவாத் தெரியுது என்றேன். உடனே கதிரையை இழுத்து என் வலப்பக்கத்தில், சற்றுத் தள்ளி இருந்தாள். இனி அங்கேயே இருக்கப் போகிறவள் போல.

அங்கிருந்து ஏதோ கேட்டாள். ஐம்பது வருடப் பழக்கம். பதில் சொல்ல முகத்தைத் திருப்பினேன். திரும்பியதும் அவளுடைய மூக்கும் வாயும் கரைந்து போயின.