அவசரம் என்று சொல்லத் தெரியாதவள்

தங்கமாரி உட்கார்ந்து பார்த்தவர்கள் எம்.ரெட்டியபட்டியிலேயே குறைவு. சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் தின்பாள். அந்த வெள்ளிக்கிழமை நிலைமை இன்னும் மோசம். பந்தல்குடிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியின் தகரக் கொட்டகையில் அவள் அங்குமிங்கும் நடந்த நடைக்கு, ரோட்டில் நடந்திருந்தால் அருப்புக்கோட்டைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். பள்ளியின் இரண்டு சின்ன விமானங்களுக்கும் எந்தக் கம்பெனியின் திரையை மாட்டுவது என்று நாலு மணிக்குள் முதலாளி உதயகுமாருக்கு அவள் எழுதித் தர வேண்டும்.

முன்பெல்லாம் விமானிக்கு எதிரே வட்ட வட்டமாக முள் மீட்டர்கள்தான் இருக்கும். இப்போது வேகம், உயரம், விமானம் சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா எல்லாமே ஒரு மின்னணுத் திரையில் வந்துவிடுகிறது. அதை மாட்டி, சோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது தங்கமாரியின் வேலை. அவள் அம்மா சங்கரம்மாள் ஊருக்குள் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்: "எம் மக ஏரோப்ளேனுக்கு டிவி மாட்டுறா."

சங்கரம்மாள் பருத்தி எடுத்தும் மிளகாய் பழம் பறித்தும் மகளைப் படிக்க வைத்தவள். அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு பாடம் உண்டு: கொடுக்கிற இடத்தில் நெருக்கக் கூடாது. "பைய கேளு. 'ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாப் பாருங்க'ன்னு சேத்துச் சொல்லு. அப்பத்தான் அடுத்த தடவையும் மொகங்குடுத்துப் பேசுவாக" என்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊரெல்லாம் சொல்ல, தங்கமாரி வாயை மென்று முழுங்கியே பிழைத்தாள். உதவித்தொகை கேட்டு நின்ற ஆபீசிலும், சென்னையில் படித்த கல்லூரியிலும், பெங்களூரில் ஆறு வருஷம் வேலை பார்த்த விமானக் கொட்டகையிலும் அதே பேச்சுதான். கால் தரையில் நிற்காமல் பரபரக்கும். வாய் மட்டும் "மெதுவாப் பாருங்க சார்" என்று குழையும்.

அப்படித்தான் மாசிக் கடைசியிலும் சொன்னாள். ஒரு விமானத்தின் திரை வெயில் நேரத்தில் இரண்டு தரம் தானாக அணைந்து தானாக எரிந்தது. திரையைச் செய்த பெரிய கம்பெனிக்குப் போன் போட்டாள். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இவள் கம்பிகளையெல்லாம் கழற்றி மாட்டி, தரையில் வைத்து மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். கோளாறு எதுவும் காட்டவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பத்தாவது நாள் பிருந்தா தனியாகப் பறந்தாள். திருச்சுழிக்காரப் பெண், வாத்தியார் இல்லாமல் ஏறுவது அது மூன்றாவது முறை. குண்டாற்றுக்கு மேலே திரை அணைந்தது, திரும்ப எரியவே இல்லை. ஓரமாக விட்டுவைத்திருந்த பழைய முள் மீட்டர் மூன்றையும் பார்த்துக்கொண்டு, கீழே தூத்துக்குடி நான்குவழிச் சாலையைப் பிடித்து, எப்படியோ வந்து இறங்கினாள். இறங்கியதும் தங்கமாரியின் கையைப் பிடித்து, "அக்கா, நெசமாவே பயந்துட்டேங்க்கா" என்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தங்கமாரிக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் உதயகுமார், "ரெண்டு கம்பெனிய ஒப்பிட்டு எழுதிக் குடும்மா" என்றார். அவர் மனசு எங்கே இருக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். பெரிய கம்பெனியின் புதுத் திரையைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதையேதான் பேசிக்கொண்டிருந்தார். தங்கமாரி இரண்டு கம்பெனியின் மாதிரித் திரைகளையும் வரவழைத்து, மத்தியானச் சித்திரை வெயிலில் நிறுத்திய விமானத்துக்குள் ஓடவிட்டாள். உள்ளே ஐம்பத்தெட்டு டிகிரி. பெரிய கம்பெனித் திரை அசையாமல் நின்றது. வெயிலிலும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. சின்னக் கம்பெனியின் திரைதான் ஒரு தரம் மங்கியது. உள்ளதைச் சொன்னால் பொருளில் பெரியவனே உசத்தி, அதை மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மங்கியதைச் சொல்லச் சின்னக் கம்பெனிக்குப் போன் போட்டாள். நாக்குப் பழக்கம் விடுமா? "ஒண்ணும் அவசரமில்ல சார், மெதுவாப் பாருங்க" என்றாள். எதிர்ப்பக்கம் இருந்தவர், "மேடம், அந்த விமானத்துல இன்னைக்கு ஆள் ஏறுவாங்களா? அத மொதல்ல சொல்லுங்க. ஏறுறதா இருந்தா நிறுத்திட்டுப் பேசுங்க" என்றார். இல்லை, வெறும் சோதனைதான் என்று சொன்ன பிறகே மற்றதைக் கேட்டார். திரைக்குப் பின்னால் காற்றுப் போக வழியில்லாமல் மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்து, எப்படி மாட்ட வேண்டும் என்ற படத்தைச் சாயங்காலத்துக்குள் அனுப்பினார். அப்படி மாற்றி மாட்டியதும் அடுத்த நாள் வெயிலில் திரை மங்கவில்லை.

இதெல்லாம் முடிந்து வெள்ளிக்கிழமை மத்தியானம், பெரிய கம்பெனியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் நியாயம் என்று போன் போட்டாள். மாசியில் சொன்ன புகாருக்கு ஏன் பதிலே வரவில்லை என்று கேட்டாள். போனை எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"ரெக்கார்டு இருக்கு மேடம். அவசரமில்லன்னு நீங்கதான் சொல்லிருக்கீங்க. அதான் கடைசி வரிசையில போட்டிருக்காங்க. உங்க முறை இன்னும் வரல."

தங்கமாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா சொல்லிக் கொடுத்த மரியாதை ஒரு பிள்ளையைக் குண்டாற்றுக்கு மேலே தனியாகத் தவிக்க விட்டிருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? இதை அறிக்கையில் எழுதினால், தப்பு உன்மேல்தான், கம்பெனிமேல் இல்லை என்று உதயகுமார் பெரிய திரையையே வாங்கிவிடுவார். வேலையும் போகலாம். எழுதாமல் விட்டால் சின்னக் கம்பெனியைச் சுலபமாக ஜெயிக்க வைத்துவிடலாம். கொட்டகையை இன்னும் எட்டுச் சுற்றுச் சுற்றினாள். மூன்றே முக்காலுக்கு, நின்றபடியே எல்லாவற்றையும் எழுதினாள்.

உதயகுமார் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப தப்பு ஒம்மேலதானம்மா?"

"ஆமா சார், என் தப்புத்தான். என்ன வேணாலும் செய்ங்க. ஆனா ரெண்டு பேருகிட்டயும் நான் ஒரே வார்த்தையத்தான் சொன்னேன். பெரிய கம்பெனில வார்த்தைய எழுதிக்கிட்டாக. சின்னக் கம்பெனில ஆள் ஏறுமான்னு கேட்டாக."

"பெரிய கம்பெனித் திரைதான நல்லாருக்குன்னு நீயே எழுதிருக்க?"

"நல்லாத்தான் இருக்கு சார். எந்தத் திரையும் ஒருநாள் கெடும். கெட்ட அன்னைக்கு யாரு கேப்பாங்கறதத்தான் நான் பாக்கேன்."

அவர் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். "சரி, திங்கக்கெழம பேசுவோம். இதுல என்ன அவசரம்?"

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பிருந்தா பழைய திரையோடேயே பறக்க வேண்டும். அட்டவணை அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. அந்த மனுஷன் ஒருநாளும் அண்ணாந்து அதைப் பார்த்ததில்லை.

'பரவாயில்ல சார், மெதுவாப் பாருங்க' என்பது தங்கமாரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம் அல்லவா? அதை அவள் முழுங்கினாள். எதிரே கிடந்த நாற்காலியை இழுத்து, அவர் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"அவசரம் சார்" என்றாள். "ரொம்ப அவசரம். இத முடிவு பண்ணுறவரைக்கும் அந்த ரெண்டு விமானமும் பறக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க பேனாவ எடுக்காம நான் எந்திரிக்கவும் மாட்டேன்."

உதயகுமார் அவளையே பார்த்தார். அவள் உட்கார்ந்து அவரும் பார்த்ததில்லை. தாள்களைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பேனாவைத் தேடினார்.