நாத்தனாரோடு ஏரியைக் கடந்த நாள்

அவளைப் பம்பரம் என்றுதான் ஊரே கூப்பிடும். வாயில் சோறு இருக்கும்போதே கால் செருப்பைத் தேடும். ஏரிக்கு இந்தப் பக்கம் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் எடுக்கும் ரத்த மாதிரிகள் நிரப்பிய குழாய்களை அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வகத்துக்கு மோட்டார் படகில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. சாலை வழியாகச் சுற்றினால் அரை நாள் ஓடிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலை மேல் படகைப் பறக்கவிட்டு, குளிர்பெட்டி உருண்டு, அத்தனை குழாயும் நொறுங்கி, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு அலையைக் கண்டால் கையை அடக்கப் பழகினாள். மனசைத்தான் அடக்க முடியவில்லை.

அன்றைக்கு நாத்தனாரும் படகில் ஏறினாள். கணவனின் அக்கா, தையல்காரி. அவள் மகளுக்கு அக்கரை ஆஸ்பத்திரியில் காலையில்தான் பையன் பிறந்திருந்தான். இருவருக்கும் பேச்சு எப்போதும் அளவோடுதான். மேற்கே தண்ணீர் கறுத்து வருவதைப் பம்பரம் கவனித்தாள். கொஞ்சம் பொறுத்துக் கிளம்பியிருக்கலாம். பொறுக்க அவளால் ஆகுமா?

"லைஃப் ஜாக்கெட்டை மாட்டுங்க அண்ணி. நடுப்பலகையில உக்காருங்க. என்ன ஆனாலும் எழுந்து நிக்காதீங்க."

"புதுப்புடவைடி, கசங்கும்."

"கசங்கினா தேய்ச்சுக்கலாம்." அவளே கொக்கியை மாட்டிவிட்டாள். என்ஜினோடு இணைந்த சிவப்புக் கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜினை நிறுத்திவிடும்.

நடு ஏரியில் காற்று பிடித்துக்கொண்டது. குட்டையான, நெருக்கமான அலைகள். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. பம்பரம் வேகத்தைக் குறைத்து, முனையை அலைக்குச் சற்றுச் சாய்வாக மேற்கே இருந்த மலைப்பக்கம் திருப்பினாள்.

"ஆஸ்பத்திரி அங்க இருக்கு, நீ எங்கடி போற?"

"நேரா போனா அலை பக்கவாட்டுல அடிச்சுக் கவுத்துடும் அண்ணி. மலையோரம் காத்து கம்மி. அங்க போய் கரையை ஒட்டியே போயிடலாம்."

"இந்த வேகத்துல போனா நாம போறதுக்குள்ள என் பேரனுக்கு மீசை முளைச்சிடும்!"

பம்பரத்துக்கும் அதே அரிப்புதான். வேகப்பிடியை முறுக்கு, முறுக்கு என்று கை துடித்தது. ஆனாலும் அலை ஏறும்போது கொஞ்சம் முறுக்கி, உச்சியில் தளர்த்தி, மறுபடி முறுக்கி என்று ஊர்ந்தாள். முகத்தில் சாரல் அறைய, நாத்தனார் தன் பையைத் தூக்கிக்கொண்டு பின்பலகைக்கு நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் என்ஜின் இருமியது. நின்றுவிட்டது.

முனை தானாகத் திரும்பியது. பக்கவாட்டில் ஒரு அலை ஏறி உள்ளே கொட்டியது. நாத்தனார் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அந்த வாளிய முன்னாடி இருக்கிற கயித்துல கட்டித் தண்ணியில போடுங்க. தவழ்ந்து போங்க!"

நாத்தனார் முழங்காலில் தவழ்ந்தாள். ஊசியில் நூல் கோர்த்துப் பழகிய விரல்கள் நனைந்த கயிற்றில் முடிச்சுப் போட்டன. தண்ணீர் நிரம்பிய வாளி இழுத்துப் பிடிக்க, முனை மெல்லக் காற்றின் பக்கம் திரும்பியது. தண்ணீர் உள்ளே கொட்டுவது குறைந்தது.

பம்பரம் என்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள், இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இழுத்துக்கொண்டே இருக்கத் துடித்த கையை வலுக்கட்டாயமாக எடுத்துவிட்டு, பெட்ரோல் டேங்கிலிருந்து வரும் குழாயைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தாள். நாத்தனாரின் பை அதன் மேல் உட்கார்ந்து நசுக்கிக்கொண்டிருந்தது.

பையைத் தள்ளி, குழாயில் பெட்ரோலை ஏற்றும் ரப்பர் குமிழைக் கெட்டியாகும்வரை அழுத்தினாள். இரண்டு இழுப்பில் என்ஜின் உயிர் பெற்றது.

"கிளம்புடி!"

"முதல்ல வாளிய உள்ள எடுங்க. கயிறு என்ஜின் விசிறியில சுத்திக்கிச்சுன்னா அவ்வளவுதான்."

மலையோரம் சேர்ந்தபோது காற்று தலைக்கு மேல்தான் ஓடியது. கரையை ஒட்டி ஊர்ந்து துறையை அடைந்தார்கள். பம்பரம் குளிர்பெட்டியை ஆய்வகத்தில் ஒப்படைத்தாள்.

வார்டில் நாத்தனார் வந்தவர் போனவரிடமெல்லாம், தான் வாளி போட்டுப் படகைக் காப்பாற்றிய கதையைச் சொன்னாள். பை விஷயம் அதில் வரவில்லை. பம்பரம் தலையாட்டி வைத்தாள்.

சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "இன்னும் ரெண்டு குழாய் இருக்கு. எப்ப வர்றே?"

"காத்து அடங்கட்டும்."

"எப்ப அடங்கும்?"

"அது என்னைக் கேட்டுக்கிட்டா அடிக்குது?"

சாயங்காலம்வரை அடங்கவில்லை. துறைக்கும் வார்டுக்கும் நடையாய் நடந்தாள். படகின் கட்டைச் சரிபார்த்தாள், மறுபடியும் சரிபார்த்தாள். பார்த்துப் பார்த்து அலுத்த நாத்தனார் குழந்தையை அவள் கையில் திணித்தாள். அவளோ குழந்தையை ஏந்தியபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளையப் பாருடி. ஏரி எங்கயும் ஓடிடாது."

பம்பரம் குனிந்து பார்த்தாள். கைக்குள் இரண்டு குட்டிக் கால்கள் ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் விடிந்தபோது தண்ணீர் அசையாமல் கிடந்தது. தனியாகத் திரும்பினாள். நாத்தனார் பஸ்ஸில்தான் வந்தாள்.