கூண்டுக்கு அளவான உயிர்

சோபாவுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே மண்டியிட்டு அளவு நாடாவை இழுத்துப் பிடித்திருக்கிறார். ஒரு முனையைச் சுவரோரம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையில் உள்ள எண்ணைப் பார்க்கக் கழுத்தை வளைக்கிறார். "ரெண்டடி மூணு அங்குலம்," என்கிறார், யாரிடம் என்றில்லாமல். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "இதுக்குள்ள அடங்குற மாதிரி ஒரு ஜீவன் பாக்கணும்," என்கிறார். முதலில் இடம், பிறகு கூண்டு, கடைசியாகத்தான் அதற்குள் போகப்போகிற உயிர். இந்த வரிசையை அவர் ஒருமுறையும் மாற்றியதில்லை.

நான் எதிர்வீட்டுக்காரன். ஒன்பது வருடமாக அவர் கதவும் என் கதவும் முகம் பார்த்து நிற்கின்றன. குளியலறைக் குழாயும் தரைக்கல்லும் விற்கிற பெரிய காட்சிக்கூடம் ஒன்றில் அவர் மேற்பார்வையாளர். குளியலறையின் நீள அகலத்தைச் சொன்னால் போதும், எந்தத் தொட்டி பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாராம். அந்தத் திறமையைப் பிராணிகளிடமும் காட்டலாம் என்று எப்போது தோன்றியதோ தெரியாது. நாய், பூனை கூடாது என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்ட வாரமாக இருக்கலாம். அன்றிலிருந்து, அடுக்குமாடி வீட்டுக்கு எந்தப் பிராணி தோதுப்படும் என்பதில் அவரை விட்டால் ஆள் கிடையாது. கேட்டவர்களுக்குச் சொல்கிறார், கேட்காதவர்களுக்கு இன்னும் விரிவாகச் சொல்கிறார். லிஃப்டில் அவரோடு மாட்டிக்கொண்டால் ஆறு மாடிக்கும் அதே பேச்சுதான். கட்டடத்துப் பிள்ளைகள் 'ஜூ அங்கிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை விருது என்று எண்ணிப் புன்னகைக்கிறார்.

குரைக்கக் கூடாது, நாறக் கூடாது, முடி உதிர்க்கக் கூடாது, வாங்கிய அளவை விட்டு வளரக் கூடாது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் "இது என்னதுங்க?" என்று கேட்டே ஆக வேண்டும். அவருக்குத் தேவை அவ்வளவுதான். "அது பாட்டுக்கு அது இருக்கும், நாம பாட்டுக்கு நாம இருக்கலாம்" என்பார், உள்ளங்கைகளை விரித்து. அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கூண்டைக் கழுவி, தண்ணீர் மாற்றி, கழிவை அள்ளிக் கட்டிப் போடுவதும் அவர்தான். "இவர் கேக்கிறதுக்கெல்லாம் ஒரு பூச்சாடி வாங்கிட்டுப் போயிருக்கலாம்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார், கையில் குப்பைப் பையோடு.

முதலில் வந்தவை இரண்டு நண்டுகள், காலிச் சங்குக்குள் குடியிருக்கிற வகை. கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி, காட்சிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நீலக்கல் துண்டுகளைப் பதித்து, 'குட்டிக் கடற்கரை' என்றார். இரண்டு மாதம் ஊர்ந்தவை ஒருநாள் மணலுக்குள் இறங்கிக்கொண்டன. வெளியே வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தார். அவருடைய பொறுமைக்கு அதுவே அதிகம். கரண்டியால் தோண்டி எடுத்தபோது இரண்டும் வெளிறி, மெத்தென்று, அசையாமல் இருந்தன. "போயிடுச்சு," என்று செய்தித்தாளில் மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். அந்த வகை நண்டு ஓடு கழற்றும்போது வாரக்கணக்கில் மண்ணுக்குள் அப்படித்தான் கிடக்கும் என்று மனைவி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னபோது குப்பை வண்டி போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. "அதை மொதல்லயே கடைக்காரன் சொல்லியிருக்கணும்ல?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். நானும் தலையாட்டினேன். எதிர்வீட்டில் இருக்கிறவன் வேறென்ன செய்வான்.

அடுத்தது, புள்ளி போட்ட பாலைவனப் பல்லி. சுவரில் ஓடுகிற பல்லியை விளக்குமாற்றால் விரட்டுகிற அதே வீட்டில், இந்தப் பல்லிக்கு மட்டும் தனி விளக்கு, தனி வெப்பமானி. உயிரோடு பூச்சி போட வேண்டும் என்றதும் அதைக் காட்சிக்கூடத்து உதவி மேலாளர் தலையில் கட்டினார். பிறகு முள்ளெலி. கையில் எடுத்தாலே பந்தாகச் சுருண்டுகொள்ளும். விருந்தாளிகளுக்கு முகம் காட்டுவதே இல்லை என்று அதன்மேல் அவருக்குக் கோபம். குளிரூட்டியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர் அவர்; அந்தக் குளிர் அதற்கு ஆகாது. ஒருநாள் காலையில் அது விரியவே இல்லை. அதைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரொம்ப சென்சிட்டிவ் பீஸ்."

காலியான கூண்டு கண்ணை உறுத்தியது. அதனால் சுகர் கிளைடர் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறப் பிராணி; அணிலைப் போன்ற முகம், முகத்தில் பாதி கண். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதக்கிற சாதி. இவர் கூண்டில் மிதப்பதற்கு ஒன்றேகால் அடி இருந்தது. அது கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியாக வைக்கக் கூடாது, ஜோடியாக வாங்குங்கள் என்று கடைக்காரர் இந்த முறை முதலிலேயே சொல்லியிருக்கிறார். "ரெண்டு இருந்தா அதுங்களுக்குள்ள பழகிக்கும். அப்புறம் நமக்கு என்ன மரியாதை?" என்று ஒன்றை மட்டும் வாங்கிவந்தார்.

அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள அவர் வீட்டில் இருப்பதே இல்லை. இவர் விழித்திருக்கும்போது அது தூங்கும். அது விழிக்கும்போது இவர் குறட்டை விடுவார். மூன்றாம் மாதம் வாலடியில் கொஞ்சம் முடி போயிருந்தது. பிறகு தொடையில். மனைவி உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வழித்துவிட்டதைப் போன்ற தோல், நடுவில் சிவப்பாக ஒரு கீறல். "இது தன்னையே தின்னுக்கிட்டிருக்கு," என்றார் மெதுவாக. தினமும் நாற்பது ஐம்பது பேருக்கு ஊசி குத்துகிறவர், அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் வண்டியில்தான் கால்நடை மருத்துவரிடம் போனோம். அந்த அம்மாள் அதை விரலால் புரட்டிப் பார்த்தார். புண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதினார். பிறகு, இதற்கு வந்திருப்பது தனிமை, இதன் இனத்தில் இன்னொன்று கூட இருந்தால்தான் தேறும், இல்லையென்றால் கால் சதையைக் கடித்துக்கொள்ள ஆரம்பிக்கும், அப்புறம் தன்னிடம் கொண்டுவந்து பயனில்லை என்றார். இவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்து, "தடவுறதுக்கு ஏதாவது ஆயின்ட்மென்ட் இருக்கா டாக்டர்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் குடும்பம் வருவதாக இருந்தது. சொட்டைத் தொடையோடு அதை எப்படிக் காட்டுவது? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. கூண்டுக்கு ஒரு உறை தைத்துப் போட்டுவிடலாம். தூங்குகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தளத்தில் தனியாக இருக்கிற தையல்கார அம்மாவை வரவழைத்தார். அவருக்கு அறுபது இருக்கும். எங்கள் கட்டடத்துக் கால்சட்டைகளெல்லாம் அவர் கையால் உயரம் குறைக்கப்பட்டவை. அன்று நானும் அங்கே இருந்தேன். "நல்ல கனமான துணியா இருக்கட்டும்மா, உள்ள எதுவும் தெரியக் கூடாது," என்றார் இவர்.

அந்த அம்மா அளவெடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். கூண்டின் மூலையில் அது கம்பியில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"உறை தைச்சிடலாம் சார். உள்ள இருக்கிறது என்ன பண்ணும்?"

இவருக்குக் கேள்வியே புரியவில்லை. அது பாட்டுக்கு இருக்கும் என்றார். அப்போது மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றார். "நீங்க எடுத்துட்டுப் போறீங்களாக்கா?" என்று கேட்டார். கணவரைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மா கூண்டுக் கதவைத் திறந்தார். அது பயந்து கரகரவென்று கத்தி, விரலைக் கடித்தது. ரத்தம் வந்தது. கையை அவர் பின்னுக்கு இழுக்கவில்லை. முந்தானையை மடித்துப் பை போலப் பிடித்தார். இருட்டைக் கண்டதும் அது உள்ளே இறங்கிக்கொண்டது.

இவர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. தடுக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. ஒன்றுதான் சொன்னார்: "கூண்டு மட்டும் இருக்கட்டும்மா. அது இந்த இடத்துக்கு அளவா வாங்கினது."

அடுத்த வாரமே அந்த அம்மா அதே மருத்துவரிடம் போய், யாரோ கைவிட்டுப்போன இன்னொன்றைக் கேட்டு வாங்கிவந்தார். பழைய சட்டைத் துணியில் இரட்டை மடிப்பாகப் பை தைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பகலெல்லாம் தையல் இயந்திரம் ஓட, மார்போடு ஒட்டிய பையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கின. சாயங்காலம் திரைச்சீலைக் கம்பியிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து அவர் தோளுக்குப் பறந்தன. நான்கு மாதத்தில் தொடையில் முடி வளர்ந்துவிட்டது. விரலில் இருந்த கடித்தழும்பைக் காட்டி, "என்னை நம்புறதுக்கு அதுக்குப் பதினெட்டு நாளாச்சு," என்று என்னிடம் சொன்னார். அதில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை.

பெருமையையெல்லாம் இவர் எடுத்துக்கொண்டார். "நம்ம செலக்ஷன்தான். ஆரம்பத்துல என்கிட்டதான் இருந்துச்சு," என்று லிஃப்டில் சொல்கிறார். போன வாரம், ஐந்தாம் தளத்துக்குப் புதிதாக வந்த தம்பதி என்ன வளர்க்கலாம் என்று கேட்டார்களாம். முன்னறிவிப்பே இல்லாமல் அவர்களைத் தையல்கார அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார். ஒரு கால்சட்டையைக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன்.

வாசலில் நின்றபடியே விளக்கம் தொடங்கியது: சத்தம் கிடையாது, இடம் அடைக்காது, பராமரிப்பு சுலபம். அந்த அம்மா எதையும் மறுக்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். பேச்சுச் சத்தத்தில் பைக்குள் அசைவு தெரிந்தது. முதலில் ஒரு மூக்கு, பிறகு பெரிய கண்கள். இவரிடம் இருந்த பழையதுதான். பை விளிம்பில் எழுந்து, நீட்டிக்கொண்டிருந்த இவருடைய சுட்டுவிரலை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டது, கடிக்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு விரல்நுனியை நக்கியது. இவர் பேச்சு நின்றுவிட்டது. தம்பதியில் அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். தையல்கார அம்மாவும் தலை நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தார்.

இவர் விரலை மெல்ல உருவிக்கொண்டார். கால்சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து, அந்த விரலை நகக்கண் வரைக்கும் நிதானமாகத் துடைக்கத் தொடங்கினார்.